மீதி 5,000 ரூபாயைக் கொடுக்கும் முன்

கேள்வி: அம்மா எழுதிக்கொடுத்த 8 சென்டுக்கு உட்பிரிவு பட்டா கேட்டு விண்ணப்பித்து நாலு மாதம் ஆகிறது. அளக்க வர 6,000 ரூபாய் வேண்டும் என்றார் சர்வேயரின் ஆள். பயந்துபோய் 1,000 கொடுத்துவிட்டேன். மீதிக்குத் தினமும் போன். புகார் கொடுத்தால் நானும் மாட்டுவேனா? நிலம் கிடப்பில் போய்விடுமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள், தர மாட்டேன் என்று சண்டையும் வேண்டாம். “பணம் புரட்டணும், ரெண்டு நாள் பொறுங்க” என்றால் போதும். பேரமும் பேசாதீர்கள்.

லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் தப்பலாம். உங்கள் கடிதம் அச்சேறுவதற்குள் அந்தக் கெடு தாண்டியிருக்கும். ஆகவே முதலில் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் ஒரு வக்கீலிடம் பேசுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. அந்த 1,000-ஐ மறைக்க மட்டும் நினைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் கிளறுவார்கள். மீதி 5,000 கதை வேறு: முன்கூட்டியே தெரிவித்துவிட்டுக் கொடுத்தால் அதே 8-ஆம் பிரிவு உங்களைக் காக்கும்.

புகாரை நாகர்கோவில் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். விண்ணப்ப எண், உட்பிரிவுக் கட்டணம் கட்டிய ரசீது, யார், எந்தத் தேதியில், எங்கே வைத்து, என்ன வார்த்தையில் கேட்டார் என்பது எல்லாம் வேண்டும். போன் பதிவு இருந்தால் வெட்டாதீர்கள், அழிக்காதீர்கள். அந்த போனையும் மாற்றாதீர்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் ‘கேட்டார்’ என்பதில்தான். நோட்டு கையில் பிடிபட்டால் மட்டும் போதாது. கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும் என்று நீரஜ் தத்தா வழக்கில் (2022) உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. உங்களிடம் கேட்டது இடையாள். அவர்மேல் அதே சட்டத்தின் 7ஏ பிரிவு பாயும். சர்வேயரோ “அவனை எனக்குத் தெரியவே தெரியாது” என்று நழுவப் பார்ப்பார். அவர் வாயிலிருந்தே அந்தப் பேச்சை எப்படி வரவைப்பது என்று அதிகாரிகள் சொல்வார்கள். நீங்களாகத் துப்பறியக் கிளம்ப வேண்டாம்.

லஞ்சம் வாங்கும்போதே கையும் களவுமாகப் பிடிக்க அதிகாரிகள் பொறி வைப்பார்கள். அதற்கான பணத்தைப் பொதுவாகப் புகார்தாரர்தான் கொண்டுபோக வேண்டும். நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வேறு துறை ஊழியர்கள் சாட்சிகளாக இருப்பார்கள். ஒருவர் உங்கள் கூடவே வருவார். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால், கையில் ஒட்டிய பொடியால் கரைசல் இளஞ்சிவப்பாகும். அதனால் யாரிடமும் கை குலுக்காதீர்கள், நோட்டை வழியில் தொட்டுப் பார்க்காதீர்கள். முக்கியமாக, அவர் கேட்கும் முன் நீட்டிவிடாதீர்கள். பதற்றத்தில் “இந்தாங்க சார்” என்று திணித்துவிட்டால், ‘கேட்கவே இல்லை’ என்ற வாதத்துக்கு நீங்களே வழிவிட்டதாகும்.

நிலம்? பொறிக்குப் பிறகு உங்கள் கோப்பையே சான்றாக எடுத்துப் போகக்கூடும். பத்திரம், ரசீது, விண்ணப்பம் மூன்றுக்கும் இப்போதே நகல் வையுங்கள். பிறகு பத்மநாபபுரம் சார் ஆட்சியருக்கு, வேறு சர்வேயரை வைத்து அளக்கக் கேட்டு மனு கொடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, கோப்பு எந்தத் தேதியில் யார் மேஜையில் இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதைப் பொறிக்கு முன்னால் அனுப்பிவிடாதீர்கள், ஆள் உஷாராகிவிடுவார்.