கழிச்சல் மருந்து இருக்கட்டும், குட்டிக்குச் சூடு இருக்கிறதா?

கேள்வி: ஐயா, வைக்கோல் போருக்குள் தாய் விட்டுப்போன பூனைக்குட்டி ஒன்றை இரண்டு நாளாக வைத்திருக்கிறேன். கண் பாதிதான் திறந்திருக்கிறது. பசும்பாலில் தண்ணீர் கலந்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்தேன். இப்போது வயிறு ஊதி, தண்ணியாகக் கழிகிறது. கத்துவதும் குறைந்துவிட்டது. கன்றுக்கு வாங்கிய கழிச்சல் மருந்தில் கொஞ்சம் கொடுக்கலாமா? உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி வேறு. கடைக்காரர் மாட்டு உண்ணி மருந்தையே தண்ணீரில் கலக்கித் தடவச் சொல்கிறார்.

பதில்: கன்று மருந்து வேண்டாம். எந்தப் பாலைக் கொடுத்தீர்கள், எத்தனை தடவை என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். குட்டியின் உடம்பு தொட்டால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

கண் பாதி திறந்த குட்டிக்கு ஒரு வாரம், பத்து நாள்தான் வயது. அந்த வயதில் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முடியாது. உடம்பு ஆறிவிட்டால் குடல் அசைவு நின்றுபோகும், உள்ளே போன பால் செரிக்காமல் கிடந்து வயிறு ஊதும். சுண்டுவிரலைக் கழுவிவிட்டு அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கக் கூடாது. பசியோடு கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் ஊட்டித்தான் பல குட்டிகள் போகின்றன. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துபோக மறுபக்கம் காலியாக இருக்கட்டும். ஆறிப்போன குட்டியை மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும், அவசரப்பட்டு அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். பாட்டில் ஆறினால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சும். அதனால் இரவிலும் எழுந்து மாற்றத்தான் வேண்டும்.

வாய் கதகதப்பான பிறகு பால். பசும்பாலில் பூனைப்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் குறைவு, பால் சர்க்கரை அதிகம். தண்ணீர் கலந்தால் இன்னும் மோசம். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, குப்புறப் படுத்த நிலையில் ஊட்டுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். மூன்று மணிக்கொரு தடவை கொடுத்தால் போதும். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லியைத் தாண்ட வேண்டாம். ஊட்டி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவிவிட்டால்தான் சிறுநீர், மலம் போகும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது.

அப்புறம் அந்தக் கடைக்காரர். அவர் சொன்னது அபாயமான யோசனை. மாட்டு உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் வகைதான் இருக்கிறது. மாடு தாங்கும் அந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்துச் சாகும். எவ்வளவு தண்ணீர் கலந்தாலும் இந்தக் குட்டிக்குச் சரியான அளவு என்று ஒன்று கிடையாது. மாட்டுக்கு விற்பதைப் பூனைக்குத் தடவச் சொல்பவரிடம் இனி எந்த மருந்தும் கேட்காதீர்கள். ஆனால் தெள்ளை அப்படியே விடவும் கூடாது, இவ்வளவு சின்ன உடம்பில் அது குடிக்கும் ரத்தமே சோகைக்குப் போதும். பேன் சீப்பால் வாரி, சிக்கும் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல்லுங்கள். குட்டியின் வாய்க்குள் ஈறைப் பாருங்கள், வெளிறியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

கத்துவது குறைந்துவிட்டது என்கிறீர்கள், அதனால் எப்படியும் இன்றைக்கே அவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போதும் வெந்நீர் பாட்டில் பெட்டிக்குள் இருக்கட்டும்.