கப்பலில் பிள்ளை, கரையில் பெற்றோர்: எதைச் சொல்லலாம், எதை அடக்கலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. கடற்படையில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ துணையாக இருக்கவேண்டும். அதே சமயம் நம் வாயாலோ கைப்பேசியாலோ அவர்களுக்கு ஒரு கேடும் வந்துவிடக் கூடாது. கடிதங்களைச் சுருக்கியும், கப்பலின் பெயர், துறைமுகம், தேதி ஆகியவற்றை நீக்கியும் தந்திருக்கிறேன். நீக்கவேண்டிய அளவுக்கு அவை கடிதங்களில் இருந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கேள்வி: மகன் போர்க்கப்பலில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. உறவினர்கள் பார்க்கும்போதெல்லாம் "இப்போது எங்கே இருக்கிறான், எப்போது வருவான்" என்று கேட்கிறார்கள். சொல்லாவிட்டால் கர்வம் என்கிறார்கள். எதுவரை சொல்லலாம்?

பதில்: உங்கள் மகன் கடற்படையில் இருக்கிறார், நலமாக இருக்கிறார், வேலை பிடித்திருக்கிறது என்பவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். கப்பல் இப்போது எங்கே நிற்கிறது, என்றைக்குப் புறப்படுகிறது, அடுத்து எந்தத் துறைமுகத்தைத் தொடும், எப்போது திரும்பும், அதில் எத்தனை பேர், எந்த எந்திரம் பழுதாகிக் கிடக்கிறது, ஆட்கள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பவற்றைச் சொல்லக்கூடாது. பழுதையும் களைப்பையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேதியை மறைக்கத் தெரிந்த பெற்றோர்கூட, "பாவம், மூன்று வாரமாகக் குளிர்சாதனம் ஓடவில்லையாம்" என்பதை வெறும் புலம்பல் என்று எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள்; கேட்கத் தெரிந்தவனுக்கு அது கப்பலின் நிலைமை பற்றிய செய்தி.

ஒரு சிறு துணுக்கால் என்ன ஆகிவிடும் என்று தோன்றுவது இயல்புதான். வியட்நாம் போரின்போது, 1966–67இல், தங்கள் குண்டுவீச்சு விமானங்கள் வரும் நேரம் எதிரிக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்பதை ஆராய அமெரிக்கர்கள் 'பர்ப்பிள் டிராகன்' என்ற பெயரில் ஓர் ஆய்வை நடத்தினார்கள். அவர்கள் கண்டுபிடித்த கசிவுகளில் முக்கியமான ஒன்று, விமானப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு வழக்கம்போல் முன்கூட்டி அனுப்பப்பட்ட சாதாரண அறிவிப்புகள். அவற்றில் ஒன்றுகூடத் தனியாகப் பார்த்தால் இரகசியம் அல்ல. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் தாக்குதலின் நேரமும் இடமும் தெரிந்தன. இன்று ஆயுதப்படைகள் குடும்பங்களுக்கு எடுக்கும் பாதுகாப்பு வகுப்புகளின் வேர் அந்த ஆய்வில்தான் இருக்கிறது.

நான் பணியில் இருந்த காலத்தில் என் தாயார் நான் திரும்பும் நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்துபோன எல்லோரும் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள். இரண்டு பேர் என்னிடமே அந்தத் தேதியைச் சொல்லி விசாரித்தார்கள்.

உறவினர்களுக்குத் தரும் பதிலில் 'சொல்லக்கூடாது' என்ற சொல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆவலைத்தான் கிளறும். "விடுப்பு கிடைத்ததும் வருவான், வந்ததும் உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் அனுப்புவேன்" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் மனமும் குளிரும், தேதியும் வெளியே போகாது.

கேள்வி: சீருடையில் மகள் எடுத்த படத்தை முகநூலில் போட்டேன். அவள் உடனே எடுக்கச் சொல்லிவிட்டாள். பெற்ற தகப்பன் பெருமைப்படுவதில் என்ன தவறு?

பதில்: பெருமையில் தவறில்லை, படத்தில் என்னென்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அடுத்த முறை பதிவேற்றும் முன் அந்தப் படத்தை விரல்களால் பெரிதாக்கி, மகளின் முகத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பாருங்கள். மார்பில் பெயர்ப் பட்டை இருக்கும். தொப்பியில் கப்பலின் பெயர் இருக்கலாம். பின்னால் கப்பலின் பக்கவாட்டு எண், சுவரில் ஒட்டிய பணி அட்டவணை, சன்னலுக்கு வெளியே அடையாளம் தெரிந்த ஒரு கட்டடம் இருக்கலாம். படம் எடுத்த இடமும் நேரமும் கைப்பேசியால் கோப்புக்குள்ளேயே பதியப்பட்டிருக்கக்கூடும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவைப்பது ஒரு நிமிட வேலை.

தொப்பியைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் மாலுமிகளின் தொப்பி நாடாவில் அவரவர் கப்பலின் பெயர் பொன்னிற எழுத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பெயரை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக 'எச்.எம்.எஸ்.' என்ற மூன்று எழுத்துகளை மட்டும் வைத்தார்கள். கரையில் இறங்கிய மாலுமியின் தலையைப் பார்த்தே எந்தக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது என்று எவனும் கணக்கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இணையம் இல்லாத காலத்திலேயே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது.

வழியனுப்பும் படத்தைக் கப்பல் புறப்படும் நாளிலும், வரவேற்கும் படத்தை அவர் வருவதற்கு முன்பும் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு போட்டாலும் விருப்பக்குறிகள் குறைந்துவிடாது. இறுதியில் முடிவு மகளுடையது. அவருடைய பிரிவின் விதி உங்களைவிட அவருக்குத் தெரியும்.

கேள்வி: மகன் தினமும் ஓடுவதைக் கைக்கடிகாரச் செயலியில் பார்த்து மகிழ்கிறேன். இதிலும் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. ஓட்டத்தைப் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாகக் காட்டும் உலக வரைபடத்தை 2017 நவம்பரில் வெளியிட்டது. பாலைவனத்து இருட்டில் தனியாக ஒளிர்ந்த கோடுகள் இராணுவத் தளங்களின் உட்பாதைகள் என்பது 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, படைகள் செயல்படும் பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிகளைத் தன் ஆட்கள் பயன்படுத்தத் தடை விதித்தது. உங்கள் மகன் அந்தக் கணக்கை மூடச் சொன்னால் மனம் வருந்தாமல் மூடுங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் இணையதளத்தில் மகனின் கப்பலை இரவில் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு நாள் அது இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதாகக் காட்டியது. அன்றைக்குத் தூங்கவேயில்லை.

பதில்: அந்தத் தளங்கள் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவியின் சமிக்ஞையைக் காட்டுபவை. சர்வதேசப் பயணம் செய்யும், 300 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள வணிகக் கப்பல்களுக்கு அது கட்டாயம். போர்க்கப்பல்களுக்கு விலக்கு உண்டு. நெரிசலான கடற்பாதையில் மோதலைத் தவிர்க்க அவை அதை இயக்கலாம், பிறகு அணைத்துவிடலாம். ஆகவே, கப்பல் திரையிலிருந்து மறைந்தால் அது மூழ்கிவிட்டது என்று பொருளல்ல. திரையில் தெரிந்தால் அது அங்கேதான் இருக்கிறது என்றும் பொருளல்ல: 2021 ஜூனில் பிரிட்டனின் 'டிஃபெண்டர்', நெதர்லாந்தின் 'எவர்ட்சன்' ஆகிய இரு போர்க்கப்பல்களும் உக்ரைனின் ஒடெசா துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்ததை நேரலைக் கேமராக்கள் காட்டிக்கொண்டிருந்த அதே இரவில், அவை ரஷ்யக் கடற்படைத் தளம் இருக்கும் செவஸ்தபோல் அருகே போய்விட்டதாகப் போலிச் சமிக்ஞைகள் காட்டின. அந்தக் கப்பல்களில் இருந்தவர்களின் பெற்றோர் எத்தனை பேர் அன்று உங்களைப்போல் விழித்திருந்தார்களோ. அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது நிம்மதி தரவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

கேள்வி: மகன் நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கிறான். வாரக்கணக்கில் ஒரு சொல்கூட வருவதில்லை. என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவனுக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்று வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

பதில்: முதலில் மௌனத்தைப் பற்றி. மற்ற கப்பல்களில் தொடர்பு தடைபடுவதற்குப் பல காரணங்கள் இருக்கும். நீர்மூழ்கியில் மௌனம்தான் அதன் கவசம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தலைமையகத்துக்கு அனுப்பிய வானொலிச் செய்திகளின் திசையை அளந்தும் அவற்றை வேட்டையாடினார்கள். அதனால் இன்றும் ரோந்தில் இருக்கும் நீர்மூழ்கி செய்தியைப் பெறும். முடிந்தவரை தான் எதையும் அனுப்பாது. பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகளில் இருப்பவர்களுக்குக் குடும்பத்தினர் வாரம் ஒருமுறை 120 சொற்களுக்குள் செய்தி அனுப்பலாம். முன்பு அது 40 சொற்களாக இருந்தது. பதில் வராது. அந்தச் செய்தியும் அதிகாரிகள் பார்த்த பிறகே போகும். துயரச் செய்திகளைப் பொதுவாக ரோந்து முடியும்வரை தரமாட்டார்கள். கடலுக்கடியில் இருக்கும் மனிதனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, அவன் கையில் எல்லோருடைய உயிரும் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு.

உங்கள் நாட்டு முறை வேறாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், இந்த முடிவை நெருக்கடி வந்த இரவில் எடுக்கக்கூடாது. மகன் அடுத்த முறை வீட்டில் இருக்கும்போது உட்காரவைத்துக் கேளுங்கள்: "பாட்டிக்கு ஏதாவது ஆனால் உடனே தெரியவேண்டுமா, வந்தபிறகு சொன்னால் போதுமா?" கேட்க வாய் வராது, ஆனால் கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு குற்ற உணர்வில் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர் சொல்லும் பதிலை எழுதி, பிரிவின் குடும்பநல அலுவலரின் தொலைபேசி எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிலைமைக்கு அந்த அலுவலரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எதை, எப்போது சேர்ப்பது என்பதை அவர்கள் முறைப்படி முடிவு செய்வார்கள். வீட்டுச் சண்டையை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்ற நாட்களில் அனுப்பும் செய்தியில் அலங்காரம் வேண்டாம். "பக்கத்து வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்று உன் செருப்புக்குள் தூங்குகிறது" என்ற ஒரு வரி, "உன்னை நினைத்து ஏங்குகிறோம்" என்ற பத்து வரிகளைவிட அவருக்கு அதிக நாள் துணை நிற்கும்.

கேள்வி: பொட்டலம் அனுப்பும்போது கப்பல் இருக்கும் ஊரை எழுதவேண்டுமா?

பதில்: எழுதக்கூடாது. அதற்காகத்தான் தனி அஞ்சல் ஏற்பாடே இருக்கிறது: இந்தியக் கடற்படைக்கு ஃப்ளீட் மெயில் ஆபீஸ், அமெரிக்காவுக்கு எஃப்பிஓ, பிரிட்டனுக்கு பிஎஃப்பிஓ எண்கள். கொடுத்த முகவரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: மகனோடு பயிற்சி பெற்ற நண்பன் என்று ஒருவர் இணையத்தில் அறிமுகமானார். நன்றாகப் பேசுகிறார். வேறொருவர் தொலைபேசியில் அழைத்து, மகனுக்கு விபத்து, உடனே பணம் வேண்டும் என்றார். இரண்டுமே ஏமாற்றா?

பதில்: இரண்டாவது ஏமாற்று. எந்தக் கடற்படையும் சிகிச்சைக்காகப் பெற்றோரிடம் தொலைபேசியில் பணம் கேட்காது. அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவர்கள் தந்த எண்ணில் அல்லாமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அலுவலக எண்ணில் கூப்பிடுங்கள்.

முதலாவதில்தான் எனக்குக் கவலை அதிகம். பணம் கேட்பவன் ஒரே நாளில் வெளிப்பட்டுவிடுவான். தகவல் தேடுபவன் மாதக்கணக்கில் பொறுமையாகப் பழகுவான், உங்கள் பிறந்தநாளுக்கு வாழ்த்துவான், நடுவே ஒரு நாள் "கப்பல் இந்த வாரம் கரைக்கு வருகிறதா" என்பான். 2019 டிசம்பரில், சமூக ஊடகத்தில் பெண் பெயர்களில் பழகியவர்களிடம் தகவல் கொடுத்ததாக ஏழு கடற்படையினர் கைதான பின், இந்தியக் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் திறன்பேசிகளையும் முகநூல் பயன்பாட்டையும் தடைசெய்தது. பயிற்சி பெற்றவர்களே வலையில் விழும்போது, பிள்ளையைப் பற்றி யாராவது பேசமாட்டார்களா என்று ஏங்கும் பெற்றோர் எளிதான இலக்கு. அந்த நண்பரின் பெயரை மகனிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாதென்றால், அந்த உரையாடலை அழிக்காமல் அப்படியே அவருடைய பிரிவின் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். ஏதாவது உளறிவிட்டோமே என்ற வெட்கத்தில் மறைப்பதுதான் பெரிய தவறாகிவிடும்.

கேள்வி: என் மகனே நிறையச் சொல்லிவிடுகிறான். கேட்கவும் ஆசையாக இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லையே?

பதில்: 1943இல் ஆண்ட்ரூ மே என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், பசிபிக் களத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஜப்பானியர் தங்கள் நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டுகளைப் போதிய ஆழத்தில் வெடிக்கவிடாததால் நம்மவர்கள் தப்பிவிடுகிறார்கள் என்று செய்தியாளர்களிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார். அது அச்சிலும் வந்தது. அந்தப் பேச்சு பத்து நீர்மூழ்கிகளையும் எண்ணூறு பேரையும் பலிகொண்டது என்று நீர்மூழ்கிப் படைத் தளபதி லாக்வுட் பின்னர் கணக்கிட்டார். அந்தக் கணக்கு சரியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மே கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை என்பதில் ஐயமில்லை. தன் பக்கத்துப் பிள்ளைகள் பிழைத்து வருகிறார்கள் என்ற நிம்மதிதான் அவர் வாயைத் திறந்தது. அந்த நிம்மதி எந்தத் தாய்க்கும் வரும்.

தெரியாததை உளற முடியாது. மகன் கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "சாப்பிட்டாயா, கூட இருப்பவன் இன்னும் குறட்டை விடுகிறானா" என்று பேச்சைத் திருப்புங்கள்.

கேள்வி: மகள் போன வாரம் பேசும்போது அழுதாள். என்னவென்று கேட்டால் "இங்கே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது அம்மா" என்கிறாள். இதுவும் இரகசியத்தில் சேர்த்தியா?

பதில்: இல்லை. கப்பலின் பயணமும் ஆயுதமும் இரகசியம். உங்கள் மகளின் தூக்கமின்மை, அவரை யாராவது இழிவாக நடத்தினால் அது, தனிமை, பயம் ஆகியவை அவருடையவை. அவற்றைத் தாயிடம் சொல்வதை எந்தப் பாதுகாப்பு விதியும் தடுக்காது. "வெளியே சொல்லாதே" என்று அவரை யாராவது மிரட்டியிருந்தால் அந்த மிரட்டலே புகாருக்குரியது. இந்த வேறுபாட்டை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்: "இடம் வேண்டாம், தேதி வேண்டாம், கப்பல் பெயரும் வேண்டாம், உனக்கு என்ன ஆகிறது என்று மட்டும் சொல்." கப்பலின் மருத்துவர், மதகுரு அல்லது மனநல ஆலோசகர், உயரதிகாரியைத் தாண்டிப் புகார் தரும் முறை ஆகியவற்றில் எது அவருக்குக் கிட்டும் என்று கேட்டு வையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் எட்டிப்பார்த்தால், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, அந்த நிமிடமே குடும்பநல அலுவலரை அழையுங்கள்.

இந்தக் கடிதம் எழுதியவருக்கு மட்டும் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன். அம்மா, மின்னஞ்சலைப் பாருங்கள்.