நினைவு சரி, முடிவுதான் தடுமாறுகிறது

உங்கள் அப்பா நடந்துகொள்வது வெறும் பிடிவாதமா என்று கேட்கிறீர்கள்; எனக்கு அப்படித் தெரியவில்லை. பைக்கிலிருந்து விழுந்த அப்பா பழைய கணக்கெல்லாம் சரியாகச் சொல்கிறார், ஆனால் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் வந்த வியாபாரிக்கே அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நினைவைப் பதிய மூளைக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வேண்டும். லாப நட்டத்தை எடைபோடுவதில் கண்களுக்கு மேலே இருக்கும் முன்மூளையின் அடிப்பகுதிக்குப் பெரிய பங்கு. தலையில் அடிபட்டால் அடிக்கடி பாதிக்கப்படும் இடம் அது.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். நீங்கள் மேசையில் ஒருமுறை தட்டினால் அவரும் தட்ட வேண்டும். இருமுறை தட்டினால் சும்மா இருக்க வேண்டும். விதி புரிந்தும் திரும்பத் திரும்பத் தட்டினால், கையை அடக்கும் கட்டுப்பாடு தளர்ந்திருக்கலாம்.

இந்தச் சோதனையில் தேறிவிட்டால் நிம்மதி என்று இல்லை. நரம்பியல் மருத்துவர் டமாசியோ விவரித்த, இதே பகுதியில் மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளில் சோதனையில் நன்றாகச் செய்து, வாழ்க்கையில் கோட்டை விட்டவர்கள் உண்டு.

தலைவலி, தூக்கக் கலக்கம் இருந்தால் இன்றே தஞ்சாவூர் கூட்டிப்போய் ஸ்கேன் எடுங்கள்; வயதானவர்களுக்கு ரத்தக்கசிவு வாரக்கணக்கில் கழித்தும் தெரியவரும். அதுவரை பத்திரம் எதிலும் கையெழுத்து வேண்டாம்.