குரலும் சுருதித் திருத்தமும்: கேள்வி பதில்

ஈரோட்டுக்காரர்: ஏனுங்க, சுருதியைத் தானாகத் திருத்துற ஆட்டோட்யூன் மென்பொருளைப் போட்டாலே குரல் ரோபோ மாதிரி ஆயிருது. எங்க தப்பு?

பதில்: ரீட்யூன் ஸ்பீடு (குரலைச் சரியான சுரத்துக்கு எவ்வளவு சீக்கிரம் இழுக்கணும் என்ற அளவு) 0-வில் நிற்கும், பாருங்க. 0 என்றால் உடனே இழுத்துவிடும், சுரத்துக்குச் சுரம் வழுக்கலே இல்லை, குரல் படிக்கட்டு ஏறும். 1998-இல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ வேண்டுமென்றே அப்படிச் செய்தது. இயல்பாக வேண்டுமென்றால் 20-இல் தொடங்கி 50 வரை நகர்த்திக் கேளுங்க. ரிவர்ப் (எதிரொலி சேர்ப்பது), கம்ப்ரசர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரணும். எதிரொலி கலந்த குரலில் சுருதியை அது சரியாகப் பிடிக்காது.

பொள்ளாச்சிக்காரர்: ஸ்கேல் மோகனம்னு சரியாத்தான் குடுத்தேனுங்க. கமகமெல்லாம் செத்துப்போச்சு.

பதில்: ச ரி க ப த வைத்துவிட்டு மற்ற ஏழு சுரங்களையும் அணைத்திருப்பீங்க. அது போதாது. கமகம் சுரங்களுக்கு நடுவே ஓடுவது. ஆட்டோ முறை அந்த ஓட்டத்தையே பிழையென்று நினைத்து நிமிர்த்திவிடும். சுரம் சுரமாகக் கையால் திருத்தும் மெலோடைன் மென்பொருளுக்குப் போங்க. அசைவுள்ள ஒரு சொல்லை அது நாலைந்து துண்டாக வெட்டியிருக்கும். முதலில் அவற்றை ஒன்றாகச் சேருங்க. பிறகு பிட்ச் மாடுலேஷனை (சுரத்துக்குள் இருக்கும் அசைவை)த் தொடாமல், துண்டு மொத்தத்தையும் தேவையான சென்ட் மேலேயோ கீழேயோ தள்ளுங்க. அரைச்சுரம் 100 சென்ட். விலகல் 10 சென்ட்டுக்குள் என்றால் நான் கை வைக்க மாட்டேன். பிட்ச் டிரிஃப்ட்டை (மெல்ல மெல்லச் சுருதி நழுவுவதை) நீட்டிப் பிடிக்கும் கார்வைகளில் மட்டும் குறைக்கலாம்.

காங்கேயத்துக்காரர்: உடுக்கையடிக் கதை பதிவு பண்ணினோம். சுருதிப்பெட்டி இல்லீங்க. அத்தனை சுரமும் தப்புன்னு காட்டுது.

பதில்: தப்பு பாடினவர்கிட்ட இல்லை, அளவுகோலில் இருக்குது. அவருடைய ச இரண்டு கட்டைக்கு (D சுருதிக்கு) 30 சென்ட் மேலே நின்றால், மென்பொருளில் ஒப்பீட்டுச் சுருதி (A சுரம்) 440 ஹெர்ட்ஸ் என்றிருப்பதை 447.7 ஆக்குங்க, பாதிப் பிழை அங்கேயே மறையும். தொடக்கக் கார்வையையும் கடைசிக் கார்வையையும் தனித்தனியே அளந்து பாருங்க. சுருதி ஏறியிருந்தால் பகுதி பகுதியாக மாற்றணும். ஆனால் உடுக்கை அதே மைக்கில் விழுந்திருந்தால் விட்டுருங்க. கயிற்றை அழுத்த அழுத்த அதன் சுருதியே மாறும்; குரலை நகர்த்தினால் அதுவும் கூடவே வரும். அடுத்த தடவை உடுக்கைக்குத் தனி மைக், குரலுக்கு ஒரு சாண் தூரத்தில் கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்குவது).

திருப்பூர்க்காரர்: இதெல்லாம் ஏமாத்து வேலை இல்லீங்களா?

பதில்: டேப்பை வெட்டி ஒட்டின காலத்திலும் நல்ல டேக்குகளைப் பொறுக்கித்தான் சேர்த்தாங்க. பாடகர் குறிவைத்த சுரத்துக்கு ஒரு சொல்லை நகர்த்துவது அந்த வகை. பாடாத சங்கதியை (மெட்டு வேறுபாட்டை) மென்பொருளில் வரைவது வேறே. அங்கே எனக்கு உடன்பாடில்லை. வரிக்கு மூன்று திருத்தத்துக்கு மேல் போனால் மறுபடி பாடச் சொல்வதே சீக்கிரம் முடியும்.

கோபிக்காரர்: வள்ளி கும்மி மேடையில ஆட்டோட்யூனை நேரா போடலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. மேளச் சத்தம் மைக்கில் ஏறினால் தாவக்கூடாத சுரத்துக்குத் தாவும். பாடுறவங்களுக்கு மானிட்டரில் தம்புரா மட்டும் உரக்க வைங்க.