புற்றுநோய் மருத்துவரின் பணி: வட ஆர்க்காட்டு வாசகர்களுக்குப் பதில்கள்

வேலூரில் கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு எழுதியனுப்பிய பதில்கள்.

குடியாத்தம் வாசகி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் புற்றுநோய் மருத்துவராக விரும்புகிறாள். எத்தனை ஆண்டு படிக்க வேண்டும், ஐயா?

பயிற்சி ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் மூன்று ஆண்டு எம்.டி. முடித்தால் கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவராகலாம். மருந்துச் சிகிச்சைக்கு எம்.டி.யை அடுத்து டி.எம்., அறுவைக்கு எம்.எஸ். படிப்பை அடுத்து எம்.சிஎச். என்று மேலும் மூன்று ஆண்டுகள் ஆகும். திசுவைப் பார்த்து நோய் இன்னதென்று உறுதிசெய்யும் நோய்க்குறியியல் மருத்துவரையும் தங்கள் மகள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். நோயாளி அவரைச் சந்திப்பது அரிது என்றாலும், அவர் சொல்லாமல் எங்கள் சிகிச்சை தொடங்குவதில்லை.

ராணிப்பேட்டை வாசகர்: என் தந்தைக்குத் தொண்டையில் புற்று. ஸ்கேன் எடுத்துப் பல நாள்கள் ஆகியும் கதிர்வீச்சைத் தொடங்கவில்லை. மருத்துவரும் ஐந்து நிமிடமே பேசுகிறார். ஏன் இந்தத் தாமதம்?

தங்கள் கவலை நியாயமானது. அந்த நாள்களில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மருத்துவமனைகள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் அறுவை, மருந்து, கதிர்வீச்சு மருத்துவர்கள் ஒன்றாக அமர்ந்து, அறிக்கைகளையும் படங்களையும் பார்த்து, எந்தச் சிகிச்சையை எந்த வரிசையில் தருவது என்று முடிவுசெய்கிறார்கள். பிறகு தலை அசையாதிருக்க முகத்தின் அளவுக்கே ஒரு வலைமுகமூடி செய்து, அதை அணிவித்து சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த ஸ்கேனின் ஒவ்வொரு படத்திலும் கட்டி எது, உமிழ்நீர்ச் சுரப்பி எது, தண்டுவடம் எது என்று மருத்துவர் கணினியில் கோடு வரைந்து பிரிக்க வேண்டும். தொண்டைப் புற்று என்றால் இதற்கே பல மணி நேரம் பிடிக்கும். அதன்மேல் மருத்துவ இயற்பியலாளர் கதிர்களின் திசையையும் அளவையும் கணக்கிட்டு, இயந்திரத்தில் அளந்து சரிபார்த்த பின்னரே சிகிச்சை தொடங்கும். இந்த வேலையில் பெரும்பகுதி புறநோயாளிகள் போன பிறகு மாலையில்தான் நடக்கிறது. ஆயினும், எந்தத் தேதியில் தொடங்குவார்கள் என்று கேட்டறியத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆரணி வாசகர்: தினமும் கதிர்வீச்சுக்கு அருகில் வேலை செய்வது ஆபத்தில்லையா?

சிகிச்சை நடக்கையில் ஊழியர் எவரும் அந்த அறைக்குள் இருப்பதில்லை. தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியிலிருந்து கேமரா வழியே பார்க்கிறோம். எங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்க நாங்கள் அணியும் பட்டையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவார்கள்.

காட்பாடி மாணவர்: ஆராய்ச்சி எல்லாம் வெளிநாட்டில்தானே நடக்கிறது?

இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1986இலேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். இரத்தக் கசிவால் விரைவில் உயிரைப் பறிக்கக்கூடிய ஏ.பி.எல். என்ற இரத்தப் புற்றுக்கு ஆர்செனிக் பயன்படும் என்பதைச் சீன மருத்துவர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். விலை கூடிய மருந்துகளை நம் மக்களால் வாங்க இயலாத நிலையில், ஆர்செனிக்கை மட்டுமே முதற்சிகிச்சையாகத் தர முடியுமா என்பதை 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளிடம் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. 2006இல் வெளியான அந்த முடிவை உலகமே கவனித்தது. இத்தகைய ஆய்வுக்கு உயிர்நாடி, சிகிச்சை முடிந்தவர் பல ஆண்டுகள் கழித்தும் எப்படி இருக்கிறார் என்ற செய்தி. அதற்காக ஊர் ஊராகத் தொலைபேசியில் விசாரிக்கும் ஊழியர்களின் உழைப்பு, கட்டுரையின் தலைப்பில் வரும் பெயர்களுக்குச் சற்றும் குறைந்ததன்று. உடல் தேறியவர்களும் மறுபரிசோதனைக்கு வர வேண்டும் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

வாணியம்பாடி வாசகி: "அம்மாவிடம் நோயைச் சொல்லிவிடாதீர்கள்" என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டோம். அவர் தயங்கினார். ஏன்?

அம்மா, இது எங்கள் அறையில் அன்றாடம் எழும் வேண்டுகோள். அன்பினால் எழுவது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் முடி கொட்டும் மருந்தை ஏற்றிக்கொண்டு, கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் உண்மை புரிந்துவிடுகிறது. வீட்டார் மனம் நோகுமே என்று அவரும் பேசாதிருக்கிறார். நான் நோயாளியிடம், "உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் கேட்பேன். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள், சிலர் "மகனிடம் சொல்லுங்கள்" என்பார்கள், இரண்டையும் மதிப்பேன். மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருவோரிடம் இந்தக் கேள்வியை அவர்கள் மொழியிலேயே கேட்பதற்காக வங்காளமும் இந்தியும் பழகிக்கொண்ட மருத்துவர்கள் வேலூரில் பலர். தங்கள் தாயாரின் மருத்துவரையும் அவரிடம் இதைக் கேட்க அனுமதியுங்கள். அப்போது தாங்களும் அருகில் இருங்கள்.