ஆம்ப் வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் ரிசீவர், முன்னால் இரண்டு டவர் ஸ்பீக்கர் (6 ஓம், 86 டெசிபல்), ஒரு சென்டர், பின்னால் இரண்டு, ஒரு சப்வூஃபர். ஹால் 14க்கு 18 அடி. படம் பார்க்க நன்றாகவே இருக்கிறது, பாட்டு கேட்டால்தான் சப்பென்று இருக்கிறது. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் (கனமான ஒலி தரும் பக்கம்) கேட்பதே இல்லை. நண்பர் 200 வாட் பவர் ஆம்ப் சேர்க்கச் சொல்கிறார், அண்ணன் பாட்டுக்கென்று தனி ஸ்டீரியோ ஆம்ப் வாங்கு என்கிறார், கடைக்காரர் இதைக் கொடுத்துவிட்டு எக்ஸ்3800எச் எடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இப்போதைக்கு யார் சொல்வதையும் கேட்க வேண்டாம். (ஆம்ப் என்பது ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயர், உங்கள் ரிசீவருக்குள்ளேயே அது இருக்கிறது.)

கடைக்காரர் சொல்வதிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் ரிசீவர் 8 ஓமில் 80 வாட், அவர் காட்டுவது 105 வாட். காகிதத்தில் 25 வாட் கூடுதல். காதுக்கு அது சுமார் 1.2 டெசிபல்தான், அதாவது உங்கள் வால்யூம் குமிழை அரை அரை டெசிபலாக இரண்டு மூன்று தடவை திருகினால் வருகிற வித்தியாசம். நண்பர் சொல்கிற 200 வாட் போட்டாலும் 4 டெசிபல் கிடைக்கும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும், உங்கள் கணக்கில் 800 வாட்!

அதனால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். எந்த வால்யூமில் சப்பென்று இருக்கிறது? நன்றாக ஏற்றி வைக்கும்போது மட்டும் குரல் கீச்சென்று காதைக் குத்துகிறது, அல்லது ரிசீவர் தானே அணைந்து சிவப்பு விளக்கு மினுக்குகிறது என்றால் ஆம்பைச் சந்தேகப்படலாம். ராத்திரி பத்து மணிக்கு மெதுவாக வைத்தாலும் தொப்பி கேட்கவில்லை என்றால் ஆம்ப் நிரபராதி. அந்த வால்யூமில் அது ஒரு வாட் கொடுத்தாலே பெரிய விஷயம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை, ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நீங்கள் எப்போதாவது வைக்கிற ஆக அதிக வால்யூமில் ஒரு பாட்டைப் போட்டு, திரையில் தெரிகிற வால்யூம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசீவரை அணைத்துவிட்டு, டவர் ஸ்பீக்கர் வயர்களை ரிசீவரின் பின்னாலிருந்து கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தள்ளி வையுங்கள். இப்போது 120 ஹெர்ட்ஸ், மைனஸ் 12 டெசிபல் அளவுள்ள சைன் டோன் ஃபைல் ஒன்றை ஸ்டீரியோவில் அதே வால்யூம் எண்ணில் ஓடவிட்டு (டைனமிக் ஈக்யூ, டைனமிக் வால்யூம் இரண்டையும் அணைத்துவிட்டு), மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ரிசீவரில் ஒரு பக்கத்தின் சிவப்பு கறுப்பு முனைகளில் தொடுங்கள். வருகிற எண்ணை நான்கால் பெருக்குங்கள் (மைனஸ் 12 டெசிபல் என்றால் உச்ச வோல்ட்டில் கால் பங்கு), பாட்டின் உச்சத்தில் ஆம்ப் கொடுக்க வேண்டிய வோல்ட் அதுதான். 4.5 வந்தால் 18 வோல்ட், 6 ஓமுக்கு 54 வாட். உங்கள் ரிசீவரின் 80 வாட் என்பது 8 ஓமில் ஏறக்குறைய 25 வோல்ட், ஆக இன்னும் 3 டெசிபல் கையிருப்பு இருக்கிறது. நான் என் வீட்டில் அளந்தபோது மீட்டர் 2.8 காட்டியது, 8 ஓமில் உச்சத்துக்கே 16 வாட்தான். அதற்கு முன்பே 150 வாட் ஆம்ப் வாங்கி வைத்திருந்தேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

உங்களுக்கும் 20 வோல்ட்டுக்குள் வந்தால் (வரும் என்றுதான் நினைக்கிறேன்) பணத்தை எடுக்காதீர்கள், ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். போன வருடம் ஒரு நண்பர் வீட்டில் இதே புகார். ரிசீவர் பக்கம் எல்லாம் சரி. இடது டவரின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், வயரில் சிவப்புக் கோடு போட்ட இழை கறுப்பு முனையில் திருகப்பட்டிருந்தது. ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைவார். மாற்றித் திருகியதும் அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வயர் சரி என்றால் அடுத்து செட்டிங். ஆடிஸி (மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்துகிற, ரிசீவரில் உள்ள வசதி) தானாக அளக்கும்போது டவர்களைப் பார்த்து 'லார்ஜ்' என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். 'ஸ்மால்' ஆக்கி கிராஸ்ஓவரை (எதற்குக் கீழான பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்கிற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், கனமான வேலை சப்வூஃபருக்குப் போய்விடும், ரிசீவருக்கும் மூச்சு கிடைக்கும். பாட்டுக்கு 'ப்யூர் டைரக்ட்' போடும் பழக்கம் இருந்தால் நிறுத்திப் பாருங்கள், அதில் அறைத் திருத்தம் அணைந்துவிடும். படத்தில் நன்றாகவும் பாட்டில் சப்பென்றும் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்புறம் சோபாவைப் பின்சுவரிலிருந்து ஓர் அடி முன்னே இழுத்தும் கேளுங்கள்.

சரி, அளவு 25 வோல்ட்டைத் தாண்டிவிட்டது என்றே வைப்போம். இங்கேதான் நண்பரின் யோசனை இடறுகிறது: உங்கள் ரிசீவரின் பின்னால் முன் ஸ்பீக்கர்களுக்கு ப்ரீ அவுட் (வெளி ஆம்புக்குச் சிக்னல் தருகிற துளை) இல்லை, பவர் ஆம்பை எங்கே செருகுவது? ஹோம் தியேட்டர் பைபாஸ் (ரிசீவரின் சிக்னலை வாங்கி, வால்யூமை ரிசீவரிடமே விட்டுவிடும் வசதி) உள்ள ஸ்டீரியோ ஆம்புக்கும் அதே கதை. அண்ணன் சொல்வது போல் தனி ஆம்ப் வாங்கினால், ஸ்பீக்கரை இரண்டுக்கும் பொதுவாக வைக்க, சிவப்பு கறுப்பு இரண்டு முனைகளையும் சேர்த்து மாற்றுகிற செலக்டர் பெட்டி ஒன்று வேண்டும். இரண்டு ஆம்பையும் ஒரே ஸ்பீக்கரில் நேராக மாட்டினால் இரண்டில் ஒன்று போய்விடும். சப் அவுட் இல்லாத ஸ்டீரியோ ஆம்ப் என்றால் பாட்டுக்கு சப்வூஃபரும் கிடையாது, அறைத் திருத்தமும் கிடையாது, தொப்பி இன்னும் மெலியும்.

அந்த நிலையில்தான் கடைக்காரர் சொன்னது பொருந்துகிறது, அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. எக்ஸ்3800எச் எல்லாச் சேனலுக்கும் ப்ரீ அவுட் தருகிறது, ஆடிஸியும் எக்ஸ்டி32 வகை, பேஸைத் திருத்துவதில் உங்களிடம் இருப்பதைவிட ஒரு படி மேல். அதோடு இரண்டு சேனல் பவர் ஆம்ப் ஒன்றை டவர்களுக்கு மட்டும் சேர்த்தால் போதும்.

பவர் ஆம்ப் பார்க்கும்போது பெட்டியில் இருக்கிற பெரிய எண்ணை விட்டுவிடுங்கள். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு சேனலும் ஓடும்போது எத்தனை வாட், 4 ஓமில் எத்தனை என்று கேளுங்கள். '1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு)' என்று போட்டிருந்தால் அந்த வாட்டை நம்பாதீர்கள். கிளாஸ் டி (அதிகம் சூடாகாத ஆம்ப் வகை) என்றால் மட்டம் என்ற பேச்சு பழையது, ஏப்ரல் மாத ஹாலில் சூடாகாத ஆம்ப் ஒரு வரம். வெளிநாட்டிலிருந்து வருவதானால் 230 வோல்ட்டா என்று பார்த்துவிடுங்கள். ரிசீவரில் 4 ஓம் செட்டிங்கைத் தொடாதீர்கள், அது பெரும்பாலும் உள்ளே வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் வேலைதான். ரிசீவரின் மிச்ச சேனல்களை வைத்து பை-ஆம்ப் (ஒரே ஸ்பீக்கரை இரண்டு சேனலால் ஓட்டுவது) செய்வதும் வேண்டாம், பவர் சப்ளை அதே ஒன்றுதானே.

பவர் ஆம்ப் வந்தபின் ங்ங் என்று ஹம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். ரிசீவரையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். முதலில் மீட்டர் காட்டுகிற எண்ணை எழுதி அனுப்புங்கள், சோபா சுவரிலிருந்து எத்தனை அடி என்பதையும் சேர்த்து.