எலியின் மீசை தொட்டதை அதன் மூளை எப்படி அறிகிறது?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் நெல்மூட்டை அடுக்கிய வீடுகளில் கவனித்திருப்பீர்கள். இடுக்கில் நுழையுமுன் எலி சற்று நின்று மீசையைப் படபடவென்று ஆட்டும். நொடிக்குச் சுமார் 10 தடவை முன்னும் பின்னும் வீசி, இடுக்கின் அகலத்தையும் சாக்கின் சொரசொரப்பையும் இருட்டிலேயே தெரிந்துகொள்கிறது. மீசை இதற்குத் தொட்டறியும் உறுப்பு.

முடி எதிலாவது பட்டு வளைந்தால் வேரைச் சுற்றியுள்ள நரம்பு நுனிகள் தூண்டப்படும். சேதி மூளைத்தண்டு, தாலமஸ் (மூளையின் நடுவில் சேதிகளைக் கைமாற்றும் பகுதி) வழியாக எதிர்ப்பக்க மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் வெளி அடுக்குக்குப் போகும். இடது மீசையின் சேதி வலது மூளைக்கு.

அருமையான விஷயம் அங்கேதான். ஒவ்வொரு பெரிய மீசைக்கும் தனியாக ஒரு நரம்பணுக் கொத்து, முகத்தில் இருக்கும் அதே வரிசையில். தபால் ஆபீசில் தெருவுக்கு ஓர் அறை வைத்த அலமாரி மாதிரி: எந்த அறையில் சேதி விழுந்தது என்பதிலிருந்தே எந்த மீசை தொட்டது என்று தெரிந்துவிடும். 1970-ல் ஆய்வாளர்கள் வூல்ஸியும் வான் டெர் லூஸும் சுண்டெலி மூளையில் இதை விவரித்தார்கள். வடிவத்தைப் பார்த்துப் ‘பீப்பாய்’ என்றே பெயரிட்டார்கள். பிறந்த சில நாட்களுக்குள் ஒரு மீசையின் வேர் சிதைந்தால், அதற்குரிய பீப்பாய் சரியாக உருவாவதில்லை. மூளையின் வரைபடம் உருவாக மீசையும் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய ஆச்சரியம்.

மீசை முடிக்கே உணர்ச்சி உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். முடி நம் தலைமுடி போல உயிரற்றது, உணர்வது அதன் வேர்ப்பகுதி.